சீசன் அக்காவும் வாயை மூடாத குரங்கும்

பொம்மையோடு நேருக்கு நேர் நின்று சண்டை போட்டு, அதில் பொம்மையையே தோற்கடித்த மனுஷி உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் ஹட்டன் பக்கத்தில் இருந்தார் என்பது எங்களுக்குப் பெருமை. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அது தலைவலி.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் தொடங்கியதும் மலையடிவாரத்து நல்லதண்ணியில் பொம்மைக்கடை போடுவார். சீசன் முடிந்து மழை பிடித்ததும் ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் ஓரத்துக்கு வந்து குடை விற்பார். அதனால் 'சீசன் அக்கா'. குடை விற்கும் மாதங்களிலும் அதே பெயர்தான். ஆண்கள் போடும் நீளமான கோட்டு, காதை மூடிய கம்பளித் தொப்பி, வாய் நிறைய வெற்றிலை. குரல் மட்டும் கோட்டுக்குள் அடங்காது. நல்லதண்ணியில் அவர் பேசினால் மஸ்கெலியாவில் பஸ் ஏறுகிறவர்களுக்குப் பொம்மை விலை தெரிந்துவிடும் என்பார்கள்.

வியாபாரம் செய்கிற முறையும் தனி. பொம்மை யாருக்கு வேண்டுமோ அவர் கையில்தான் கொடுப்பார். ஒருநாள் ஷூ, டை எல்லாம் போட்ட ஒரு பெரிய மனிதர் மகனோடு வந்து ரிமோட் கார் ஒன்றை எடுத்தார். எடுத்தவர் அங்கேயே ஓட்டிப் பார்த்தார். முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார், தேங்காய்க் கடையைச் சுற்றி ஓட்டினார். பையன் அழுதுகொண்டே பின்னால் ஓடினான். அக்கா எழுந்து போய் ரிமோட்டைப் பிடுங்கிப் பையன் கையில் கொடுத்தார்.

"ஐயாவுக்கு வேணும்னா தனியா ஒன்னு வாங்கிக்கோங்க. வெக்கப்படாதீங்க, பெரியவங்களும் வாங்குறாங்க."

அவர் வெட்கப்பட்டார். ஆனாலும் இரண்டு கார் வாங்கினார்.

பொம்மை சரியாக வேலை செய்யாவிட்டால் அக்கா அதைத் திட்டுவது சிங்களத்தில். "சைனாக்காரன் செஞ்ச சாமானுக்குத் தமிழ் எப்படிங்க புரியும்?" என்பார். சிங்களம் மட்டும் எப்படிப் புரியும் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. ஓடாத ரயிலைப் பார்த்து "துவப்பங்! துவப்பங்!" என்று, ஓடு ஓடு என்று விரட்டுவார். நிறுத்தத் தெரியாமல் கத்தும் கிளியைப் பார்த்து "கட்ட வஹப்பங்!" என்று வாயை மூடச் சொல்வார். அதற்கும் பணியாத பொம்மையின் வயிற்றைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்கும் சின்னத் திருப்புளியால் திறந்து உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரிப்பார். முக்கால்வாசி பொம்மைகள் அந்த விசாரணையில் பிழைத்துவிடும். மீதி கால்வாசியின் உறுப்புகள் மற்றவற்றுக்குப் போகும். யானையின் மோட்டாரில் வாத்து ஓடும்.

இந்த அக்கா என் வாழ்க்கைக்குள் வந்தது நான் அவரை அவமானப்படுத்தியதால். அப்படித்தான் அவர் சொல்கிறார்.

நான் வேலை செய்வது ஹட்டனில், ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் நடக்கும் சின்னப் பகல் நிலையத்தில். கை கால் இயக்கத்தில் சிரமம் உள்ள பிள்ளைகளும், பேச்சு வராத பிள்ளைகளும் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து காலையில் வருவார்கள், மதியத்தோடு போய்விடுவார்கள். ஒரு சீசன் ஆரம்பத்தில் அவர்களுக்கு ஏதாவது வாங்கலாம் என்று நல்லதண்ணிக்குப் போனேன். அக்கா கைத்தாளம் தட்டும் குரங்கு ஒன்றைக் காட்டினார். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

"ஏன் மிஸ், குரங்குக்கு என்ன கொற?"

"கொறயில்லக்கா. இதோட சுவிட்ச் வயித்துக்கு அடியில நகக்கண் அளவுக்கு இருக்கு. எங்க பிள்ளைங்க விரலால இத அமத்த முடியாது. நாங்கதான் போட்டுக் காட்டணும், அவங்க பாத்துக்கிட்டுதான் இருக்கணும்."

அக்கா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப என் பொம்மைய வச்சி வெளையாட முடியாத புள்ள இருக்குங்கிறீங்க."

"அப்படிச் சொல்லல..."

"அப்படித்தான் சொன்னீங்க. அட்ரஸக் குடுங்க."

அடுத்த வாரமே ஒரு சாக்குப் பையோடு நிலையத்து வாசலில் நின்றார். பைக்குள் அதே குரங்கு. அதன் வயிற்றிலிருந்து ஒரு நீள வயர் வெளியே வந்து, ஐஸ்கிரீம் டப்பா மூடியில் முடிந்தது. பெட்டரிக்குப் போகும் கம்பியை வெட்டி வெளியே இழுத்து, மூடிக்கு அடியில் வெள்ளித்தாள் சுற்றிய இரண்டு அட்டைகளோடு சேர்த்திருந்தார். நடுவில் ஓட்டை போட்ட ஸ்பஞ்ச். மூடியின்மேல் எங்கே எதனால் அழுத்தினாலும் வெள்ளித்தாள்கள் இரண்டும் தொட்டுக்கொள்ளும், குரங்கு தாளம் போடும்.

"கையால முடியலன்னா முழங்கையால அமத்தட்டும். அதுவும் முடியலன்னா கன்னத்தால அமத்தட்டும். இனிமே என் பொம்மையக் கொற சொன்னீங்க, பாருங்க!"

அன்று நிலையத்தில் நடந்ததை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. அதுவரை மற்றவர்கள் விளையாடிக் காட்டியதைப் பார்த்தே பழகிய பிள்ளைகள், தாங்களே ஒரு குரங்கை ஆட்டி வைத்தார்கள். ஒருவன் கன்னத்தால் அழுத்திவிட்டு எடுக்கவே மாட்டேன் என்று மூடியின்மேல் படுத்துவிட்டான். பெட்டரி தீரும்வரை தாளம் நிற்கவில்லை. என் காது அடைத்துப் போயிருந்தது. ஆனால் அப்படி ஒரு நல்ல தலைவலி எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

வெற்றி தலைக்கேறிய அக்கா அதற்கடுத்து ஒரு கோமாளியோடு வந்தார். அதற்கு அழுத்தவே வேண்டாம். சத்தம் கேட்டால் போதும், உருண்டு உருண்டு சிரிக்கும். கையும் காலும் ஒத்துழைக்காத தினேஷுக்காக அது. அவனுக்கு 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். 'ஆ' என்றான், கோமாளி சிரித்தது. மறுபடி 'ஆ' என்றான். தன் சொல்லுக்கு ஒருவன் சிரிக்கிறான் என்று தெரிந்ததும் தினேஷ் மதியம்வரை பேசிக்கொண்டே இருந்தான்.

ஆனால் கோமாளிக்கு யாருடைய சத்தம் என்ற பாகுபாடு கிடையாது. லொறி ஹோர்ன் அடித்தால் சிரித்தது. தும்மினால் சிரித்தது. எங்கள் தகரக் கூரையில் மழை விழுந்தபோது மழை விடும்வரை சிரித்தது. அக்கா வாசலில் நின்று மழையைத் திட்டினார். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், முன்னால் மண்டபத்தில் எல்லோரும் முழங்காலில் நின்று துக்கமாகப் பாடிக்கொண்டிருக்க, பின்னறை அலுமாரிக்குள்ளிருந்து அது விழுந்து விழுந்து சிரித்தது. பாடல் நின்றது. சிரிப்பும் நின்றது. பாடல் தொடங்கியது. சிரிப்பும் தொடங்கியது.

பாதர் மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "யாரு சிரிச்சதுன்னு நான் கேக்கப் போறதில்ல. அந்த அம்மாவ வரச் சொல்லுங்க."

அக்கா கோமாளியையும் கையோடு கொண்டுபோனார். "மன்னிப்புக் கேளு பாதர்கிட்ட" என்று அதை மேசைமேல் வைத்தார். அந்தச் சத்தத்துக்கே அது சிரித்தது. பாதர் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாக வைத்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அவர் சிரித்த சிரிப்புக்கும் கோமாளி சிரித்தது. கடைசியில் அதன் காதுத் துளைமேல் பிளாஸ்டர் ஒட்டி, பக்கத்தில் வைத்துப் பேசினால் மட்டும் கேட்கும்படி அக்கா அடக்கி வைத்தார்.

இப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒன்று அமைந்தது, கவிஷாவைத் தவிர.

கவிஷாவுக்கு ஏழு வயது. உட்கார வைத்தால் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். வலது கையை மட்டும் மெதுவாக நகர்த்துவாள். பேச்சில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். காது கேட்கிறதா என்று பார்க்கக் கூட்டிப்போன போதெல்லாம் பஸ் களைப்பில் தூங்கிவிட்டதால் அதுவும் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மா புஷ்பம் கொழுந்து பறிப்பவர். மதியம் பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் பாதி நாளோடு மலையிலிருந்து இறங்கி ஓடி வருவார்.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் மலையில் நிற்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், கவிஷாவை விடக் கேட்டிருந்தார்கள். அங்கே பொறுப்பாக இருந்த ஜெயந்தி மிஸ் நல்லவர்தான். அதனால்தான் பயந்தார்.

"அஞ்சு வயசுக்கு மேல எடுக்கிறதில்ல, அதக்கூட தோட்டத்துத் துரைகிட்ட கேட்டுப் பாப்பேன். ஆனா பசிச்சா, வலிச்சா, எதுன்னாலும் கூப்பிடத் தெரியாத புள்ள. நான் அந்தப் பக்கம் கைக்கொழந்தைங்களப் பாத்துக்கிட்டு இருக்கையில இவளுக்கு ஏதும் ஆச்சுன்னா என் மனசு தாங்குமாங்க?"

தூரத்துக் கீழ்நாட்டில், இப்படியான பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் ஒரு விடுதியில் இடம் கிடைத்தது. சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததும் கொண்டுபோய் விடுவதென்று புஷ்பம் முடிவு செய்துவிட்டார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாத்தான் பாத்துக்குவாங்களாம் மிஸ். அங்க எல்லாரும் சிங்களந்தான். இவளுக்குத் தமிழே கேக்குதோ என்னமோ... ரெண்டும் ஒன்னுதானே."

அக்கா அப்போது தரையில் உட்கார்ந்து ஒரு வாத்தின் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தார். வாத்தைக் கீழே வைத்தார். அன்று முழுவதும் யாரையும் திட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அக்கா கவிஷாவின் பின்னால் விழுந்தார். நல்லதண்ணியில் சீசன் உச்சத்தில் இருந்தது. கடையைத் தங்கச்சி மகளிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். குரங்கைக் கொண்டுவந்தார், ரயிலைக் கொண்டுவந்தார், கூவுகிற சேவலைக் கொண்டுவந்தார். மூடியை அவள் கைக்கு அடியிலேயே வைத்தார். கவிஷா அதன்மேல் கையை வைக்கவில்லை. வைத்த கையையும் எடுத்துக்கொண்டாள். அக்கா அவளைத் திட்டவில்லை. சேவலைத் திட்டினார்.

"புள்ளய மயக்கத் தெரியல, நீயெல்லாம் ஒரு சேவலா!"

வருஷப்பிறப்புக்கு முந்திய வாரம். வெள்ளித்தாள் சுவிட்ச்சுகள் எல்லாம் எங்கள் ஊர் ஈரத்தில் ஊறி ஒட்டிக்கொண்டன. அக்கா எங்கேயோ உடைத்துப்போட்ட ஒரு பழைய பிரிட்ஜின் கதவிலிருந்து ஒரு சுவிட்ச்சைக் கழற்றி, அதைக் குரங்கோடு இணைத்து, மேலே மூடியைப் பொருத்திக்கொண்டு வந்தார். "ஈரத்துக்கு அசையாது. பிரிட்ஜுக்குள்ளயே இருந்த சாமான்" என்று பெருமையாகக் கவிஷாவின் மேசையில் வைத்து, குரங்குக்குப் பெட்டரி போட்டார்.

யாரும் எதையும் தொடவில்லை. குரங்கு தாளம் போடத் தொடங்கியது.

"ஏய்! நான் இன்னும் ஒன்னும் பண்ணலயே!"

ஜங் ஜங் ஜங் என்று குரங்கு தன் பாட்டுக்குத் தட்டியது. பிரிட்ஜ் கதவைச் சாத்தினால் உள்ளே விளக்கு அணையும், திறந்தால் எரியும் என்பதை அக்கா அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. அந்தச் சுவிட்ச் அழுத்தினால் நிற்பது, விட்டால் ஓடுவது. அக்கா குரங்கைக் குலுக்கினார். "கட்ட வஹப்பங்!" என்றார். குரங்கு இன்னும் வேகமாகத் தட்டியது. "வாய மூடுறியா, வயித்தக் கிழிக்கவா?" என்று தமிழிலும் கேட்டார். நிலையமே காதைப் பொத்திக்கொண்டது.

அப்போது கவிஷாவின் வலது கை மேசைமேல் நகர்ந்தது. மெதுவாக, பொறுக்க முடியாத ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவதுபோல, வந்து மூடியின்மேல் அழுத்தியது.

குரங்கு நின்றது.

கை களைத்து நழுவியது. ஜங் ஜங் ஜங். முகத்தைச் சுளித்தாள். கை மறுபடி வந்தது. அமைதி.

அக்காவுக்குத்தான் முதலில் விளங்கியது. கத்தாமல் பேச அவருக்கும் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"புஷ்பம்... இந்தா புள்ள, இங்க வா. ஒம் மகளுக்குக் காது கேக்குது. நல்லாவே கேக்குது. நம்ம போடுற சத்தந்தான் அவளுக்குப் பிடிக்கல!"

மகளைக் கூட்டிப்போக அப்போதுதான் வந்திருந்த புஷ்பம் வாசலிலிருந்து கிட்டே வந்தார். அழவில்லை. "நான் வீட்டுல அவள வச்சிக்கிட்டு என்னென்ன பேசியிருக்கேன் மிஸ்," என்றார் கடைசியில். "அந்த விடுதியப் பத்தியும் பேசினேனே." பிறகு மகளின் காதருகே குனிந்து மிக மெதுவாக எதையோ சொன்னார். கவிஷா திரும்பினாள். சத்தமாகக் கூப்பிட்ட காலமெல்லாம் திரும்பாத பிள்ளை, மெதுவாகச் சொன்னதற்குத் திரும்பினாள்.

அக்கா அன்றே தன் சாக்குப் பையிலிருந்த ஒரு நாய்க்குட்டிப் பொம்மையைத் திறந்து மறுபடி கட்டினார். இது மூடியை அழுத்தினால் ஒரேயொரு தடவை குரைத்து நின்றுவிடும். குரல் வரும் துளைமேல் பிளாஸ்டர் ஒட்டி அதையும் மட்டுப்படுத்தினார். கவிஷா ஒருமுறை அழுத்தினாள். 'வவ்' என்றது. மூலையில் நின்ற புஷ்பம் திரும்பி வந்து முகத்தைக் காட்டினார். கவிஷா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி 'வவ்'. அவளுக்கு வேண்டியது பொம்மை இல்லை, ஆள் வருவதுதான்.

வருஷப்பிறப்பு முடிந்ததும் நாயோடும் புஷ்பத்தோடும் அக்காவோடும் ஜெயந்தி மிஸ்ஸிடம் போனோம். அக்காவைப் பேசவே விடக்கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனேன். அவர்தான் முதலில் பேசினார்.

"இந்தாங்க மிஸ், புள்ளைக்குக் கூப்பிடத் தெரியும். கேக்கிறதுக்கு உங்களுக்குத் தெரியுமான்னுதான் பாக்கணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஜெயந்தி மிஸ் கோபப்படாமல் நாயைப் பார்த்தார், கவிஷாவைப் பார்த்தார். துரையிடம் கேட்டு, சில நாள் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். விடுதிக்காரர்களிடம் புஷ்பம் அதுவரை பொறுக்கச் சொன்னார்.

முதல் நாள் மதியம் ஜெயந்தி மிஸ்ஸிடமிருந்து போன். "நாய் கத்தவே இல்லீங்க." மறுநாளும் போன். "நாய் நிறுத்தவே மாட்டேங்குது! கைக்கொழந்தையத் தொட்டில்ல போட்டுட்டு ஓடி வந்தா, என்னைப் பாத்துச் சிரிக்கிறா. திரும்பிப் போனா மறுபடி கத்துது. சாப்பாட்டுத் தட்டோட ஓடுறேன்." மூன்றாவது நாள் போன் வரவில்லை. அதற்கடுத்த காலையில் ஜெயந்தி மிஸ்ஸே நிலையத்து வாசலில் வந்து நின்றார், கையில் நாய். என்னோடு சேர்ந்து அக்காவும் எழுந்தார். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்றுதான் இருவரும் நினைத்தோம். அக்கா வெற்றிலையை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். சண்டைக்குத் தயாராகும்போது அப்படித்தான் செய்வார்.

"நேத்து மத்தியானம் வழக்கம்போலக் கத்துச்சு," என்றார் ஜெயந்தி மிஸ். "சிரிக்கத்தான் கூப்பிடுறான்னு நெனச்சிக்கிட்டுப் போனேன். சிரிக்கல. முகம் ஒரு மாதிரி இருந்துச்சு. தூக்கிப் பாத்தா கால் நாற்காலிக் கட்டைக்கு நடுவுல மாட்டியிருந்துச்சுங்க. எடுத்து விட்டேன். சிவந்திருந்துச்சு, வேற ஒன்னும் இல்ல. எடுத்து விட்டதும் ஒரு பெருமூச்சு விட்டா பாருங்க!"

நாயை எங்கள் பக்கம் நீட்டினார்.

"கூப்பிட்டா. நான் போனேன். அவ்வளவுதானே நமக்கு வேணும்? இனி எங்கயும் அனுப்ப வேணாம்னு புஷ்பத்துகிட்ட சொல்லிட்டேன். நாய்க்குப் பெட்டரி முடிஞ்சிருச்சு, அதான் கொண்டாந்தேன்."

நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பல வாரமாக யாரோ என் தோளில் வைத்திருந்த மூட்டையை இறக்கியதுபோல இருந்தது. அன்று காலை தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அப்படி ருசியான தேத்தண்ணீரை நான் குடித்ததே இல்லை. சண்டைக்கு நின்ற அக்காவுக்கு மட்டும் சண்டை போட ஆளில்லாமல் போய்விட்டது. கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாயை வாங்கி, புதுப் பெட்டரி போட்டு, "நல்லா வேல பாத்திருக்க," என்று அதனிடம் மெதுவாகச் சொன்னார். தமிழில்தான் சொன்னார்.

புஷ்பம் இப்போது முழு நாள் மலையில் நிற்கிறார். வீட்டில் எல்லோரும் மெதுவாகத்தான் பேசுகிறார்களாம்; கொழும்பிலிருந்து வரும் அப்பாவும் வாசலிலேயே குரலைக் குறைத்துக்கொள்கிறாராம். கவிஷாவுக்குப் பிடிக்காத ஒன்றை யாராவது செய்தால் கையை மேசைமேல் அழுத்திக் காட்டுகிறாள், நிறுத்து என்று. ஒருநாள் அக்கா ஆர்வம் தாங்காமல் அவள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தார். கை மேசையில் அழுந்தியது. அக்கா பாதி வார்த்தையில் நின்றார். அதைப் பார்த்துப் பாதர் கைதட்டியதற்கு மட்டும் அக்கா அவரோடு சில நாள் பேசவில்லை.

இப்போது மழைக்காலம். அக்கா பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் குடை விற்கிறார். விரியாத குடையையும், விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களையும் இரண்டு மொழியிலும் திட்டுகிறார். வேலை முடிந்து வருகையில் என் பஸ் அங்கே தயாராக நின்றால் நான் ஏறுவதில்லை. அடுத்த பஸ் வரும்வரை நனைந்துகொண்டு நின்று, அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.